டினைட்ரேட்டர் வாயில் எந்த வால்வு போடுவது? பால் வால்வு வைத்து நொந்துவிட்டேன்

உப்புத்தண்ணி
எல்லாருக்கும் வணக்கம். தண்டையார்பேட்டையில் மாடி வீடு. நாலடிக்கு இரண்டடிக்கு இரண்டடி கடல்நீர் டேங்க், மேலே வழிகிற தண்ணீர் வந்து சேர கீழே ஒரு சம்ப், கல்லையும் மணலையும் கழித்தால் மொத்தம் 400 லிட்டர் தண்ணீர் நிற்கும். மீன் மட்டும்தான், ஒரு லயன், ஒரு ஏஞ்சல், இரண்டு டேங். தின்று தீர்க்கிற கூட்டம், அதனால் கழிவிலிருந்து சேர்கிற நைட்ரேட் 80 பிபிஎம்மை (லிட்டருக்கு 80 மில்லிகிராம்) விட்டு இறங்குவதே இல்லை. வாராவாரம் தண்ணீர் மாற்றி உப்புக்கே சம்பளம் போகிறது என்று கந்தக டினைட்ரேட்டர் செய்துவிட்டேன். கந்தகத்தில் வளர்கிற பாக்டீரியா நைட்ரேட்டைத் தின்னும், அதற்குத் தண்ணீர் சொட்டுச் சொட்டாகத்தான் போக வேண்டும். அக்ரிலிக் உருளை, உள்ளே 4 லிட்டர் கந்தக உருண்டை, தண்ணீர் உள்ளேயே சுற்றுவதற்கு ஒரு சின்ன பம்ப், சம்பிலிருந்து தண்ணீரை மேலே ஏற்றுகிற ரிட்டர்ன் பம்பில் டீ (மூன்று வழி இணைப்பு) போட்டு அங்கிருந்து ஃபீட், வெளியேறும் வாயில் அரை இன்ச் பிவிசி பால் வால்வு.

பிரச்சினை அந்த பால் வால்வுதான். கைப்பிடியில் ஒரு நூல் அசைத்தால் குழாயாகக் கொட்டுகிறது, திரும்ப ஒரு நூல் அசைத்தால் அடைத்துக்கொள்கிறது. ராத்திரி 11 மணிக்கு உட்கார்ந்து சொட்டு எண்ணி வைத்துவிட்டுப் படுத்தேன். விடிகாலையில் அம்மா எழுந்து, மணலி ஃபேக்டரிகள் பக்கமிருந்து காற்று திரும்பிவிட்டது என்று எல்லா ஜன்னலையும் சாத்திவிட்டார். சாத்தின பிறகுதான் நாற்றம் கூடியது. அழுகின முட்டை நாற்றம், டினைட்ரேட்டர் வாயிலிருந்து. வால்வு தானாக அடைத்து, தண்ணீர் உள்ளேயே தேங்கி, கெட்டுப்போயிருக்கிறது. நல்ல வேளை, மீன் எதுவும் சாகவில்லை.

கேட் வால்வா, நீடில் வால்வா, பிஞ்ச் கிளாம்ப்பா? எதை வாங்கினால் இந்தத் தொல்லை தீரும்?

கொளத்தூர் கலர்மீன்
பால் வால்வு திறக்க, மூட மட்டும்தான் தம்பி. கால் திருப்பில் முழுக்கத் திறந்துவிடும், அதில் போய் சொட்டுக் கணக்கு வைக்க முடியாது. நீடில் வால்வு போடுங்கள், ஆனால் பிளாஸ்டிக் உடம்பாகப் பாருங்கள். ஏர் லைனுக்கு விற்கிற சின்ன பித்தளை வால்வை மட்டும் உப்புத் தண்ணீரில் வைத்துவிடாதீர்கள். பித்தளையில் பாதிக்கு மேல் செம்பு. உங்களிடம் மீன் மட்டும் இருப்பதால் உடனே ஒன்றும் தெரியாது, நாளைக்கு ஆசைப்பட்டு ஒரு இறால் வாங்கி விட்டால் மறுநாள் மல்லாந்து கிடக்கும், கடைக்காரன் செத்த சரக்கை விற்றான் என்று என்னிடம்தான் சண்டைக்கு வருவீர்கள். கல்லும் மணலும் செம்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும், வால்வைக் கழற்றிப் போட்ட பிறகும் அது தண்ணீரை விட்டுப் போகாது.

மணலி ஃபிட்டர்
வால்வு பெயரைக் கேட்பதற்கு முன்னால் எனக்கு இரண்டு விஷயம் தெரிய வேண்டும். நிமிஷத்துக்கு எத்தனை மிலி வேண்டும்? வால்வுக்கு முன்னால் பிரஷர் எவ்வளவு? இது தெரியாமல் வால்வு வாங்குவது கால் அளவு தெரியாமல் செருப்பு வாங்குகிற மாதிரி. இருபது வருஷமாக வால்வு பிரித்துக் கோர்க்கிறேன், பிளான்ட்டில் கேட் வால்வைப் பாதி திறந்து விட்டால் சூப்பர்வைசர் தலையில் கொட்டுவார். கேட் என்றால் முழுக்கத் திற, இல்லை மூடு. அளவாக விட குளோப் வால்வு, சேறும் உப்பும் வருகிற இடத்தில் டயஃப்ராம் வால்வு.

எண்ணூர் பையன்
அண்ணா, தப்பாக நினைக்க வேண்டாம், இங்கே ஒத்துப்போக மாட்டேன். என் டேங்கிலிருந்து சம்புக்கு இறங்குகிற பைப்பில் ஒரு இன்ச் கேட் வால்வு பாதி திறந்தபடிதான் மூன்று வருஷமாக நிற்கிறது. முதலில் பால் வால்வுதான் வைத்தேன். சைஃபன் பிடிக்கும், விடும், பிடிக்கும், விடும், ராத்திரி முழுக்க யாரோ வாய் கொப்பளிக்கிற மாதிரி சத்தம். கேட் வால்வு போட்டு கால் கால் திருப்பாகத் திருகி, காற்று இழுக்காத இடத்தில் நிறுத்தினேன், சத்தம் நின்றது. அளவாக விட அது ஆகாது என்றால் இது எப்படி?

மணலி ஃபிட்டர்
உன் வீட்டில் ஒரு மீட்டர் தண்ணீர் தம்பி. எங்களிடம் பத்து கிலோ பிரஷர், பாதி திறந்த கேட் அதில் ஆடி ஆடி, மூடும்போது உட்காருகிற சீட்டைத் தின்றுவிடும். உன் பிரஷரில் அது ஆடாது. சரி, வடிகுழாய்க்குக் கேட் வால்வு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பக்கத்தில் வால்வே இல்லாத இன்னொரு பைப் சும்மா நிற்கிறதா? ஒரு நத்தை போய் கேட்டில் உட்கார்ந்தால் கூடம் முழுக்கக் கடல்.

எண்ணூர் பையன்
நிற்கிறது அண்ணா. அனுபவப்பட்டுத்தான் வைத்தேன், கேட்காதீர்கள்.

நர்ஸக்கா
நான் மீன் வளர்ப்பதில் புதுசு, புதுவண்ணாரப்பேட்டை. ஆனால் சொட்டு எண்ணுவதில் பழசு. தம்பி, மெடிக்கல் ஷாப்பில் டிரிப் செட் ஒன்று வாங்குங்கள், மலிவுதான். கவர் மேலேயே போட்டிருக்கும், 20 சொட்டு ஒரு மிலி என்று. குழந்தைகளுக்கான மைக்ரோ செட் என்றால் 60 சொட்டு ஒரு மிலி. சொட்டு விழுவது தெரிகிற பிளாஸ்டிக் குடுவை கூடவே வருவதால் எண்ணுவது சுலபம், ரோலரை விரலால் உருட்டினால் அளவு மாறும். புது மீன் வாங்கி வந்தால் பக்கெட்டில் வைத்து மெல்லத் தண்ணீர் பழக்குவதற்கு நான் இதைத்தான் வைத்திருக்கிறேன்.

ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், வைத்த அளவு நிற்காது. ரோலர் அழுத்துகிற இடத்தில் ட்யூப் மெல்ல மெல்ல இளகி உட்கார்ந்துவிடும். வார்டில் பத்து மணிக்கு 40 சொட்டு வைத்துவிட்டு, பன்னிரண்டுக்குப் போய்ப் பார்த்தால் முப்பதுக்கு வந்திருக்கும். அதற்காகத்தான் நைட் டியூட்டியில் எங்களை உட்காரவே விடுவதில்லை.

உப்புத்தண்ணி
அக்கா சொன்னபடி செய்து பார்த்தேன். முதல் ராத்திரி நிமிஷத்துக்கு 60 சொட்டு, காலையில் 22. ரோலரை ஒரு மிமீ மேலே தள்ளி இடம் மாற்றினேன், மறுநாள் காலை 31. ரோலர் அழுத்தின இடத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் உள்ளே கஞ்சி மாதிரி ஒரு வெள்ளைப் படலம். விரலால் நசுக்கினால் வழுக்குகிறது. பாக்டீரியாதான் அங்கே குடியேறியிருக்கிறது போல. பிளாஸ்டிக் நீடில் வால்வும் வாங்கி வைத்தேன், 350 ரூபாய். அது மூன்று நாள் அருமையாக நின்றது, நாலாவது நாள் சுத்தமாக அடைத்துக்கொண்டது. இப்போது கையில் மூன்று வால்வு இருக்கிறது, தண்ணீர்தான் ஓடவில்லை.

பெரம்பூர் வாத்தியார்
ஃபிட்டர் சார் கேட்ட இரண்டு கேள்விக்கும் இதுவரை யாரும் பதில் சொல்லவில்லை, அதை முதலில் முடிப்போம்.

எத்தனை மிலி? உங்கள் டேங்கில் தினமும் எவ்வளவு நைட்ரேட் சேர்கிறது என்று பாருங்கள். டினைட்ரேட்டரை நிறுத்திவிட்டு, தண்ணீரும் மாற்றாமல், ஒரு வாரம் விட்டு டெஸ்ட் செய்தால் தெரிந்துவிடும். பேச்சுக்கு நாளைக்கு 2 பிபிஎம் என்று வைப்போம். 400 லிட்டரில் அது 800 மில்லிகிராம். டேங்கில் 80 இருக்கிறது, டினைட்ரேட்டரிலிருந்து வெளிவருவதில் பூஜ்யம் என்றால் ஒரு லிட்டருக்கு 80 மில்லிகிராம் கழிகிறது. ஆக 10 லிட்டர் போனால் அன்றைய கணக்கு நேராகும், அதாவது நிமிஷத்துக்கு 7 மிலி. இதில் 80 ஏறாது, ஆனால் இறங்கவும் இறங்காது. 20-க்குக் கொண்டுவந்து அங்கே நிறுத்த வேண்டுமென்றால் அதே 800-க்கு 40 லிட்டர் போக வேண்டும், நிமிஷத்துக்கு 28 மிலி. தண்ணீர் சுத்தமாக ஆக ஆக ஓட்டத்தைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும், பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். ஓட்டம் குறைந்து நைட்ரேட் முழுக்கத் தீர்ந்துபோனால் உள்ளேயிருக்கிற பாக்டீரியா சல்ஃபேட் பக்கம் திரும்பும், உங்கள் அம்மா சாத்தின ஜன்னலுக்கு அதுதான் காரணம். நீங்கள் வைத்த 60 சொட்டு என்பது 3 மிலி. உங்கள் டேங்குக்கு அது பட்டினி.

இப்போது பிரஷர். ரிட்டர்ன் பம்ப் டீயில் ஒரு மீட்டர் தண்ணீர் உயரத்துக்குச் சமமான அழுத்தம் என்று எடுத்துக்கொள்கிறேன். ஒரு மீட்டர் அழுத்தத்தில் 7 மிலி மட்டும் விட ஒரு துளை போட்டால் அதன் விட்டம் எவ்வளவு தெரியுமா? கால் மிமீக்கும் கொஞ்சம் குறைவு. நீங்கள் பால் வால்வு வையுங்கள், நீடில் வையுங்கள், ரோலர் வையுங்கள், எதை வைத்தாலும் கடைசியில் அது உள்ளே அந்தக் கால் மிமீ இடுக்கைத்தான் உண்டாக்குகிறது. நீடிலில் ஊசியைச் சுற்றி வளையமாக இருப்பதால் இடுக்கு இன்னும் ஒல்லி. அதில் அந்தக் கஞ்சிப் படலம் படிந்தால் ஒரு வாரம்கூடத் தாங்காது. அதற்காக நான் வால்வைத் திட்ட மாட்டேன்.

அழுத்தத்தைக் குறைத்து, ஒரு புள்ளியில் நெரிக்காமல் நீளத்தில் நெரித்தால்? உள்விட்டம் 2 மிமீ உள்ள ட்யூப், மூன்றரை மீட்டர் நீளம் எடுத்துக்கொள்ளுங்கள். டேங்கின் தண்ணீர் மட்டத்துக்கும் ட்யூப்பின் வாய்க்கும் 20 செமீ இறக்கம் இருந்தால் நம் ஊர்த் தண்ணீர்ச் சூட்டில் சுமார் 16 மிலி வரும். இவ்வளவு மெல்லிய ட்யூப்பில் தண்ணீர் சுழல் இல்லாமல் அடுக்கடுக்காக ஓடுவதால் இறக்கத்தை இரட்டித்தால் ஓட்டமும் இரட்டிக்கும். 9 செமீ வைத்தால் 7 மிலி, 35 செமீ வைத்தால் 28. வால்வே வேண்டாம், ட்யூப் வாயை ஏற்றி இறக்கினால் போதும். 2 மிமீ துளையை அடைக்கப் படலத்துக்கு நாளாகும்.

ஃபீடை ரிட்டர்ன் பம்பிலிருந்து எடுக்காதீர்கள், பம்ப் அழுக்கானால் அழுத்தம் மாறும். மேல் டேங்கிலிருந்து சைஃபனாக எடுங்கள். ஓவர்ஃப்ளோ இருப்பதால் மேல் டேங்கின் மட்டம் எப்போதும் ஒரே இடம். தண்ணீர் ஆவியாகி இறங்குவதெல்லாம் சம்பில்தான்.

எண்ணூர் பையன்
சார், ஆர்ஓ மெஷினில் வருகிற ஃப்ளோ ரெஸ்ட்ரிக்டரும் இதே கதைதானே? என்னிடம் 300 என்று போட்டது ஒன்று சும்மா கிடக்கிறது.

பெரம்பூர் வாத்தியார்
அந்த 300 மிலி மெம்ப்ரேன் பின்னால் இருக்கிற பிரஷருக்குப் போட்ட கணக்கு. அங்கே நாலு கிலோ, இங்கே கிலோவில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. போட்டால் எவ்வளவு வரும் என்று அளந்துதான் பார்க்க வேண்டும், மேலே எழுதியிருப்பதை நம்ப முடியாது.

மணலி ஃபிட்டர்
வாத்தியார் சொன்னது புரிந்தது. நாங்கள் இதற்குக் கேப்பிலரி என்போம். ஆனால் நாலு விஷயம் விட்டுவிட்டார்.

கேப்பிலரி உள்ளே போகிற பக்கம் இருக்கக் கூடாது, வெளியே வருகிற பக்கம் இருக்க வேண்டும். உள்ளே நெரித்து, வெளிவாயைக் கீழே தொங்கவிட்டால் உருளைக்குள் இழுப்பு உண்டாகும், மூடியின் ஓ-ரிங் வழியாகக் காற்று உள்ளே வரும். காற்று வந்தால் உங்கள் பாக்டீரியாவுக்கு ஆக்சிஜன் கிடைத்துவிடும், அப்புறம் அது எதற்கு நைட்ரேட்டைத் தின்னப் போகிறது?

அடுத்தது கேஸ். நைட்ரேட் உடைந்தால் நைட்ரஜன் வரும், உருளையின் உச்சியில் குமிழியாகச் சேரும். அது கேப்பிலரிக்குள் போனால் நின்று நின்று வரும். மூடியில் தனியாக ஒரு சின்னக் குழாய் வைத்து, வாரம் ஒரு தடவை திறந்து கேஸை விடுங்கள். தண்ணீர் எடுக்கிற வாய் மூடிக்கு ஒரு சாண் கீழே இருக்கட்டும். இந்த இடத்துக்கு அந்தப் பால் வால்வு பொருந்தும், தூக்கிப் போடாதீர்கள்.

கரன்ட் போனால்? நம் ஏரியாவில் மே மாதம் ராத்திரி இரண்டு மணி நேரம் போவது சாதாரணம். ஓவர்ஃப்ளோ நிற்கும், உள்பம்பும் நிற்கும், சைஃபனின் வாய் தண்ணீர் மட்டத்தை ஒட்டி இருந்தால் மட்டம் கொஞ்சம் இறங்கியதும் அதுவும் நின்றுவிடும், உருளையில் தண்ணீர் தேங்கிக் கெடும். கரன்ட் வந்ததும் முதலில் வருகிற நாலைந்து லிட்டரை பக்கெட்டில் பிடித்துக் கொட்டுங்கள், மூக்குக்கு ஒன்றும் தெரியவில்லை என்றால் சம்புக்கு விடுங்கள். இன்வெர்ட்டர் இருந்தால் உள்பம்பை அதில் போடுங்கள், அது தின்பது ஒரு பல்பு அளவுதான். நான்-ரிட்டர்ன் வால்வு போட்டிருக்கிறேன், ஒன்றும் ஆகாது என்று மட்டும் யாரும் சொல்லாதீர்கள். உப்புத் தண்ணீரில் அதன் ஃபிளாப்பில் புழுக்கூடு கட்டும், தேவைப்படுகிற அன்றைக்கு மூடாது.

எந்த வால்வு போட்டாலும் இரண்டு பக்கமும் யூனியன் (கழற்றி மாட்டுகிற இணைப்பு) போடுங்கள். சொல்யூஷன் போட்டு ஒட்டிவிட்டு அப்புறம் ஆக்சா பிளேடைத் தேடுகிற கதை வேண்டாம்.

கொளத்தூர் கலர்மீன்
ஒருத்தர் எனக்குத் தனியாக எழுதி எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) வால்வு போடலாமா என்று கேட்டார். பாரிமுனையில் கிடைப்பதில் பெரும்பாலும் 304 கிரேடு, உப்புத் தண்ணீரில் ரெஞ்சு பிடிக்கிற இடத்தில் முதலில் புள்ளி புள்ளியாகத் துரு வரும். 316 தேவலை, ஆனால் அந்தக் காசுக்கு பிவிசியில் நாலு வாங்கலாம்.

கந்தகத்திலிருந்து வருகிற தண்ணீர் புளிப்பாக இருக்கும், அதையும் மறக்காதீர்கள். இரண்டாவது உருளை ஒன்று வைத்து அதில் கிளிஞ்சல் போட்டு, அதன் வழியாக விட்ட பிறகு சம்புக்கு விடுங்கள், இல்லாவிட்டால் கேஹெச் (தண்ணீரின் கார்பனேட் அளவு) இறங்கிக்கொண்டே போகும். பவளத் துண்டு போடலாமா என்று கேட்காதீர்கள், கல் பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கிறது, நான் விற்பதில்லை. கிளிஞ்சலையும் எங்கே பொறுக்குகிறீர்கள் என்று பாருங்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்ததிலிருந்து அந்தப் பக்கத்துக் கடல் தண்ணீரையே நான் டேங்கில் விடுவதில்லை.

2 மிமீ சிலிக்கான் ட்யூப் கடையில் இருக்கிறது. இதுவரை யாரும் கேட்டதே இல்லை, ரோலோடு தூங்குகிறது.

உப்புத்தண்ணி
ஆறு வாரம் ஆகிவிட்டது, கேட்டவர்களுக்கு ரிப்போர்ட்.

கொளத்தூர் அண்ணனிடம் ட்யூப் வாங்கி மூன்றரை மீட்டர் வெட்டி, வளையலாகச் சுற்றிக் கட்டினேன். ஸ்டாண்டின் ஓரக் காலில் அம்மாவின் தையல் டேப்பை ஒட்டி, டேங்கின் தண்ணீர் மட்டத்தைப் பூஜ்யமாக வைத்து, ட்யூப் வாயைத் துணிக் கிளிப்பில் மாட்டியிருக்கிறேன். வாயிலிருந்து புனலில் விழுந்து, கிளிஞ்சல் வழியாக சம்புக்குப் போகிறது. 20 செமீயில் வைத்து அக்கா கொடுத்த மருந்து அளவைக் கப்பில் ஒரு நிமிஷம் பிடித்தேன், 15 மிலி. வாத்தியாருக்கு நூற்றுக்குத் தொண்ணூறு போடலாம்.

முதல் பத்து நாள் 9 செமீயில்தான் ஓட்டினேன். வெளியே வருவதில் நைட்ரைட் (நைட்ரேட் பாதி உடைந்து வருவது) நிறைய காட்டியது, பயந்து அதை பக்கெட்டில் பிடித்துக் கொட்டினேன். அது அடங்கின பிறகுதான் சம்புக்கு விட்டு, மெல்ல 20 செமீக்கு இறக்கினேன். இரண்டாவது வாரம் ஒரு நாள் திடீரென்று ஓட்டம் பாதியானது. அடைப்பு இல்லை, ட்யூப் வளையத்துக்குள் குமிழிகள் வரிசையாக நிற்கின்றன, ரயில் பெட்டி மாதிரி. ஃபிட்டர் அண்ணா சொன்ன கேஸ் குழாயை அதுவரை சோம்பேறித்தனத்தில் போடாமல் விட்டிருந்தேன். அன்றைக்கே மூடியில் ஓட்டை போட்டு அந்தப் பழைய பால் வால்வை வைத்தேன். அப்புறம் வரவில்லை.

நைட்ரேட் இப்போது 50. நடுவில் ஒரு தடவை ட்யூப்பைக் கழற்றி வினிகர் விட்டு, சிரிஞ்சால் தள்ளி, நல்ல தண்ணீரில் அலசி மாட்டினேன், பத்து நிமிஷ வேலை.

பெரம்பூர் வாத்தியார்
15 மிலியில் நைட்ரேட் 37 பக்கம் போய் நின்றுவிடும். அதற்குக் கீழே வேண்டுமென்றால் கிளிப்பை இறக்குங்கள், ஒரேயடியாக இறக்காமல் வாரத்துக்கு 3 செமீ. ஒவ்வொரு தடவையும் வெளியே வருகிற தண்ணீரில் நைட்ரேட் தெரிகிறதா என்று பாருங்கள், தெரிந்தால் இரண்டு நாள் பொறுங்கள். பத்து மார்க் எதற்குப் போனது?

உப்புத்தண்ணி
ட்யூப் வெட்டும்போது அம்மா டேப் பிடித்தார் சார். கொஞ்சம் தாராளமாக வெட்டியிருப்போம்.

நர்ஸக்கா
நான் அதே ட்யூப்பை, ஆவியாகிப் போகிற தண்ணீரை ஈடுகட்டுகிற டாப்-அப் பக்கெட்டுக்குப் போட்டேன். எனக்கு ஒத்துவரவில்லை. பக்கெட் காலியாக ஆக மட்டம் இறங்கி ஓட்டமும் குறைகிறது.

மணலி ஃபிட்டர்
மட்டம் மாறுகிற பாத்திரத்துக்கு இது வேலைக்கு ஆகாது அக்கா. அதற்கு மிதவை வால்வு போடுங்கள், பிளாஸ்டிக்கில், உங்கள் வீட்டு மேல்டேங்கில் இருப்பது மாதிரி சின்னது.

உப்புத்தண்ணி
இன்னொன்று. நேற்று ராத்திரி இரண்டு மணிக்கு அதே முட்டை நாற்றம். அம்மா என்னைத்தான் எழுப்பினார், போய் உன் மீன் மெஷினைப் பார் என்று. டார்ச் அடித்துப் பார்த்தேன், 15 மிலி ஓடுகிறது, ட்யூப் வாயில் மூக்கை வைத்து முகர்ந்தேன், ஒன்றுமே இல்லை. ஜன்னலைத் திறந்தேன். வெளியிலிருந்துதான்.

மணலி ஃபிட்டர்
நேற்று எனக்கு நைட் ஷிஃப்ட். நாங்கள் இல்லை தம்பி.